மகன் வீடு நிஷிகசாயில்

டோக்கியோவில் இருக்கும் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ முதல்முறை போகிறவர்கள் செய்யும் முதல் தவறு வாசலிலேயே நடந்துவிடும், செருப்பைக் கழற்றும்போது. பிறந்ததிலிருந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்கு இதில் என்ன தவறு வரப்போகிறது என்ற நினைப்புதான் காரணம். நம் ஊரில் செருப்பு கதவுக்கு வெளியே, படியோரம் கிடக்கும். ஜப்பானில் கதவைத் திறந்து உள்ளே வந்து, கதவையும் சாத்திய பிறகு, தாழ்வாக ஒரு சின்னத் தளம் இருக்கும். பழைய தனி வீடுகளில் அது ஒரு முழம் கீழே இருக்கும். அடுக்குமாடியில் இரண்டு விரல் உயர வித்தியாசம்தான். அதற்குப் பெயர் கென்கான். அங்கே செருப்பைக் கழற்றி, கழற்றிய காலை அந்தத் தளத்தில் வைக்காமல் நேரே மேல் தளத்தில் வைக்க வேண்டும். செருப்பு மேலே படக்கூடாது, சாக்ஸ் கீழே படக்கூடாது. நம்மவர்கள் செருப்பை உதறிவிட்டு அதே தளத்தில் வெறுங்காலோடு இரண்டு எட்டு வைத்து வீட்டுக்குள் நடந்துவிடுவார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் ஜப்பானிய மருமகள் எதுவும் சொல்லமாட்டாள். நீங்கள் நகர்ந்ததும் ஒரு துணி எடுத்துத் துடைப்பாள்.

அந்தத் தாழ்ந்த தளம் கதவுக்கு உள்ளே இருந்தாலும் கணக்குப்படி அது தெரு. இதைப் புரிந்துகொண்டால் ஜப்பானிய வீட்டின் பாதிச் சட்டங்கள் தாமாகவே புரிந்துவிடும். உள் என்பதற்கு அவர்கள் ஊச்சி என்கிறார்கள், வெளி என்பதற்கு சோத்தோ. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கோடு வீட்டுக்குள்ளேயே பல இடங்களில் விழும்.

ஹோட்டலில் தங்கிப் பத்து நாள் சுற்றிப் பார்ப்பவருக்கு இவ்வளவு தேவைப்படாது. இரண்டு மூன்று மாதம் பிள்ளைகளோடு தங்கி, பேத்திக்குத் தலை பின்னிவிட்டு, சமையலறையிலும் கை வைக்கப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அப்படிப் போகிற பலரின் முகவரி டோக்கியோவின் கிழக்கே எதொகாவா வட்டத்தில் இருக்கும். டோக்கியோ வட்டங்களில் இந்தியர் அதிகம் வாழ்வது அங்கேதான். அதிலும் நிஷிகசாய் ரயில் நிலையத்தைச் சுற்றி. 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய மென்பொருள் ஆட்கள் வந்த காலத்தில் இங்கே குடியேற்றம் வேகம் பிடித்தது. தோஸாய் ரயில் தடத்தில் ஏறினால் வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த ஓத்தெமாச்சிக்கு நேரே போய் இறங்கலாம். யூஆர் என்ற அரசுசார் வீட்டு நிறுவனத்தின் அடுக்குமாடிகளில் உள்ளூர்க்காரர் ஒருவர் ஜாமீன் நிற்கத் தேவையில்லை. வெளிநாட்டவருக்கு வீடு கிடைப்பது பெரும்பாடாக இருக்கும் ஊரில் இது பெரிய விஷயம். இன்று அங்கே உளுத்தம்பருப்பும் புளியும் மளிகைக் கடையில் கிடைக்கும். ஆகையால் பெட்டியில் பாதியைப் பருப்பால் நிரப்பாதீர்கள்.

மறுபடி வீட்டுக்குள் போவோம். பாய் விரித்த அறை ஒன்று இருக்கலாம். தத்தாமி என்ற அந்தப் பாய் நம் கோரைப்பாய் போல மடித்து வைப்பது கிடையாது, தரையே அதுதான். அறையின் அளவையே 'ஆறு பாய் அறை' என்று பாய்க் கணக்கில் சொல்வார்கள். வீட்டுக்குள் போடும் செருப்புகூட அதன்மேல் ஏறக்கூடாது. கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு வாசலில் கிடக்கும். அதை மாட்டிக்கொண்டு உள்ளே போய், வரும்போது அங்கேயே விட்டு வரவேண்டும். அதே செருப்போடு கூடத்துக்கு வந்து நின்ற மாமனார்களின் கதை நிஷிகசாயில் பல வீடுகளில் ஓடுகிறது.

கழிப்பறையைப் பொறுத்தவரை நமக்கு ஜப்பான் சொந்த ஊர் மாதிரி. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்க் காகிதத்தோடு அல்லாடியவர்கள் இங்கே நிம்மதிப் பெருமூச்சு விடலாம். தண்ணீர் உண்டு, அதுவும் வெதுவெதுப்பாக. டோட்டோ நிறுவனம் 1980இல் கொண்டுவந்த வாஷ்லெட் இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. உட்காரும் முன் பொத்தான்களில் 'தோமெ', அதாவது 'நிறுத்து' எது என்று மகனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் திறக்கும் பொத்தான் தானே தெரிந்துவிடும். நிறுத்தத் தெரியாமல் எழுந்தால் எதிர்ச் சுவர் குளிக்கும்.

குளியல் அறையில்தான் பெரிய சங்கதி இருக்கிறது. அங்கே ஆழமான தொட்டியும் அதற்கு வெளியே குழாயும் சிறு முக்காலியும் இருக்கும். சோப்பு, ஷாம்பு, தேய்ப்பு எல்லாம் முக்காலியில் உட்கார்ந்து வெளியிலேயே முடிய வேண்டும். நுரை சொட்டுக்கூட இல்லாமல் அலசிய பிறகு, சுத்தமான உடம்போடு தொட்டிக்குள் இறங்கிக் கழுத்தளவு வெந்நீரில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் ஒஃபுரோ. அழுக்கைப் போக்க அல்ல, அலுப்பைப் போக்க. வீட்டார் எல்லோருக்கும் அதே தண்ணீர்தான். ஆகவே நீங்கள் எழுந்து வரும்போது அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரைத் திறந்துவிட்டால், அடுத்து குளிக்கக் காத்திருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று நினைத்துப் பாருங்கள். மூடியைப் போட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் காலையில் மிச்சத் தண்ணீரைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குக் குழாய் வைத்து இழுக்கிற வீடுகளும் உண்டு. இன்னொருவர் உட்கார்ந்த தண்ணீரா என்று முகம் சுளிப்பவர்கள் குளத்திலும் ஆற்றிலும் குளித்து வளர்ந்த தலைமுறையில் இருக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் குளிர்ந்த அறையில் உடை களைந்து சட்டென்று சூடான நீரில் இறங்கி மயங்கி விழும் முதியவர்கள் ஜப்பானில் நிறைய. தண்ணீர் 41 டிகிரிக்குள், உட்காருவது 10 நிமிடத்துக்குள் என்பதுதான் அங்கே அரசே தரும் அறிவுரை. ஜப்பானியர் அதற்குமேல் சூட்டில் சொகுசாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் போட்டிக்கு இறங்க வேண்டாம்.

வெந்நீர் ஊற்று ஊர்களுக்குப் பிள்ளைகள் கூட்டிப்போவார்கள். ஹக்கோனே, குசாத்சு என்று. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளம்தான், ஆனால் உடம்பில் ஒரு நூல் இல்லாமல்தான் இறங்க வேண்டும். நம் அம்மாக்கள் இந்த இடத்தில் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார்கள். அதில் தவறில்லை. குடும்பத்துக்கு மட்டும் என்று மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தனிக் குளம் பல விடுதிகளில் உண்டு. அதைவிட எளிது ஆஷியு: தெருவோரத்தில் முழங்கால்வரை கால் வைத்து உட்காரும் வெந்நீர்த் தொட்டி. பல ஊர்களில் காசு கிடையாது. புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், மூட்டுவலி நன்றி சொல்லும்.

சமையலறை. தாளிப்புப் புகை எழும்பும் முன்பே மேலே உள்ள விசிறியைப் போட்டுவிடுங்கள். அலாரம் ஒரு காரணம், பக்கத்து வீடு இன்னொரு காரணம். வடை சுட்ட எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றவே கூடாது. சூடாக இருக்கும்போதே தூவினால் எண்ணெயை மெழுகுபோல உறையவைக்கும் பொடி ஒன்று கடையில் விற்கிறது. உறைந்ததும் தோசைபோல எடுத்து எரியும் குப்பையில் போடலாம்.

குப்பை என்றதும் நினைவுக்கு வருகிறது: எரிவது, எரியாதது, பிளாஸ்டிக், பாட்டில், பழைய காகிதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை. வட்ட அலுவலகம் படம் போட்ட அட்டவணை தருகிறது. மகன் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும். குளிர்பான பாட்டிலில் மூடியையும் மேலே சுற்றிய தாளையும் கழற்றி, அலசி, பிறகுதான் போட வேண்டும். கிழமை மாறி வைத்த மூட்டை எச்சரிக்கைச் சீட்டோடு அங்கேயே கிடக்கும். அந்தச் சீட்டு மகனின் மானப் பிரச்சினை. மேல்மாடியில் பேரப்பிள்ளைகள் ஓடுவதும் அப்படியே. கீழ்வீட்டுக்காரர் நேரே வந்து சண்டை போடமாட்டார். நிர்வாகத்திலிருந்து கடிதம் வரும்.

சாப்பாட்டுக்கு வருவோம். சைவம் சாப்பிடுபவர்களை மாட்டிவிடுவது இறைச்சி அல்ல, தாஷி. மீனைப் புகைபோட்டுக் காயவைத்துச் சீவிய கத்சுவோபுஷியையும், கொம்பு என்ற கடற்பாசியையும் வெந்நீரில் போட்டு எடுக்கும் சாறு அது. நமக்குப் புளித்தண்ணீர் எப்படியோ அப்படி அவர்கள் சமையலுக்கு அடிப்படை. மிசோ சூப்பில் உண்டு, சோபா நூடுல்ஸின் குழம்பில் உண்டு, வெறும் காய்கறி வேகவைத்ததிலும் உண்டு. 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் பரிமாறுபவர் மனதார இறைச்சியை நீக்கிவிட்டு மீன் சாற்றோடு கொண்டுவருவார். அவர் ஏமாற்றவில்லை, அவர் கணக்கில் அது மீன் உணவே கிடையாது. கறி என்ற பெயரைப் பார்த்து நம்மூர்ச் சமையல் என்று நம்பவும் வேண்டாம். ஜப்பானியக் கறி பிரிட்டிஷ்காரர் வழியாகப் போய்ச் சேர்ந்தது. கடையில் விற்கும் கறிக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பு இருக்கும். பொட்டலங்களில் ஒவ்வாமைக்காகக் கட்டாயம் அச்சிட வேண்டிய பட்டியலில் முட்டையும் பாலும் உண்டு. மாட்டிறைச்சியும் மீனும் கிடையாது. கைபேசிக் கேமராவால் முழுச் சேர்மானத்தையும் மொழிபெயர்த்துப் படிப்பது ஒன்றே வழி.

முழுச் சைவ விருந்து வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு மரபே இருக்கிறது: ஷோஜின் ரியோரி, பௌத்த மடங்களின் சமையல். சாறு கடற்பாசியிலும் காளானிலும் எடுப்பார்கள். வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்கமாட்டார்கள். துறவி கூக்காய் 816இல் தொடங்கிய கோயாசான் மலையில் மடங்களே விருந்தினரைத் தங்கவைத்து இதைப் பரிமாறுகின்றன. இரவுத் தங்கலும் அதிகாலை வழிபாடும் சேர்த்து, ஜப்பான் பயணத்தில் ஒரே ஒரு வெளியூர்தான் போக முடியும் என்றால் நான் கோயாசானைத்தான் சொல்வேன். மற்ற நாட்களுக்குக் கவலை வேண்டாம். ஜப்பானிய அரிசி குழைந்து ஒட்டும். சாம்பாருக்குச் சரிப்படாது, தயிர்சாதத்துக்கு அதைவிட நல்ல அரிசி கிடையாது.

கோயில் பார்க்க ஆசைப்படும் பெற்றோரை அசாகுசாவின் சென்சோஜிக்கு எல்லோரும் கூட்டிப்போகிறார்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில், கூட்டம் குறைவாக, மத்சுச்சியாமா என்றொரு சிறு குன்றுக் கோயில் உண்டு. அங்கே வழிபடப்படும் காங்கிதென் நம் பிள்ளையார்தான். இந்தியாவிலிருந்து சீனா வழியாகப் போனவர். படையல் கொழுக்கட்டை அல்ல, வெள்ளை முள்ளங்கி. அங்கேயே விற்கிறார்கள், வாங்கி வைத்துக் கும்பிடலாம். மூர்த்தியை மட்டும் பார்க்க முடியாது. யானை முகத்தோடு இருவர் தழுவி நிற்கும் வடிவம் என்பதால் திரைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். உயேனோ பூங்காவின் ஷினோபாசு குளத்து நடுத்தீவில் பென்சாய்தென் இருக்கிறாள். அவள் சரஸ்வதி, கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்பு வாத்தியம். ஷிபாமாத்தா ஊரின் தாய்ஷாக்குதென் இந்திரன். நாரா நகரின் தோதாய்ஜி பெரிய புத்தருக்கு 752இல் கண் திறந்துவைத்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர். சிலைக்குக் கண் திறப்பது எவ்வளவு பெரிய சடங்கு என்று நம் ஸ்தபதிகளிடம் கேட்டால் சொல்வார்கள். அப்பா அம்மாவுக்கு இவையெல்லாம் தெரிந்து போனால் படம் பிடிக்கும் இடம் கும்பிடும் இடமாக மாறும். இரண்டு மரங்கள் நட்டுக் குறுக்கே சட்டம் வைத்த வாயில் இருந்தால் அது ஷிந்தோ கோயில். அங்கே இரண்டுமுறை குனிந்து, இரண்டுமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிய வேண்டும். பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது, கூப்பினால் போதும். இரண்டிலும் உள்ளே போகுமுன் கை கழுவும் தொட்டி இருக்கும்.

சம்பந்தி ஜப்பானியராக இருந்தாலோ, மகனின் மேலதிகாரி வீட்டுக்கு அழைத்தாலோ, வெறுங்கையோடு போகக்கூடாது. தெமியாகே என்ற அன்பளிப்பு கட்டாயம். பையிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். உங்கள் முன் பிரித்துப் பார்க்காவிட்டால் வருந்தாதீர்கள், அதுதான் மரியாதை. மைசூர்பாகு அவர்களுக்குத் தாங்காத தித்திப்பு; முந்திரியும் நல்ல தேயிலையும் எடுபடும். நான்கு பொருளாகக் கொடுக்காதீர்கள். நான்கைக் குறிக்கும் 'ஷி' சாவையும் குறிக்கும். ஒன்பதில் 'கு', அது துன்பம். கல்யாணத்துக்குப் பணம் வைத்தால் பெரும்பாலும் 30,000 யென், அதாவது மூன்று தாள். இரண்டாகப் பிரிக்க முடியாத எண்ணாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. நூற்றொன்று மொய் எழுதும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்குப் புதுத் தாள். சாவுக்குப் புதுத் தாள் வைத்தால் முன்பே எதிர்பார்த்து எடுத்து வைத்திருந்ததுபோல் ஆகும் என்று கசங்கிய தாள்.

சாப்பிடும்போது குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் முறை அது. உங்கள் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு நேரே உணவை மாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பிறகு உறவினர்கள் எலும்பை எடுப்பது அப்படித்தான். கிமோனோ உடுத்திப் படம் எடுத்துக்கொண்டால் இடது பக்கம் மேலே வரவேண்டும். வலது மேலே வந்தால் பிணத்துக்கு உடுத்தியது. இரவு சம்பந்தி வீட்டிலேயே தங்கினால் மெத்தையை வடக்கே தலைவைத்து விரிக்கமாட்டார்கள். புத்தர் பரிநிர்வாணத்தில் வடக்கே தலைவைத்துப் படுத்ததால் இறந்தவரை அப்படிக் கிடத்துவது வழக்கம். வடக்கே தலை வைக்காதே என்று உங்கள் பாட்டி சொன்னதைச் சம்பந்தியம்மாளிடம் சொல்லிப் பாருங்கள், மொழிபெயர்ப்பவர் மூச்சு வாங்கும் அளவுக்குப் பேச்சு நீளும். ஆகஸ்ட் மத்தியில் போனால் ஒபோன் பார்க்கலாம். முன்னோர் வீட்டுக்கு வரும் நாட்கள் அவை. வெள்ளரிக்காயில் நான்கு குச்சி செருகிக் குதிரையும், கத்தரிக்காயில் மாடும் செய்து வைப்பார்கள். வரும்போது குதிரையில் விரைவாக வரட்டும், போகும்போது மாட்டின்மேல் மெதுவாகப் போகட்டும் என்று.

இன்னொரு வித்தியாசம் நம்மைக் கொஞ்சம் நோகடிக்கும். 'இன்னும் ஒரு கரண்டி' என்று யாரும் வற்புறுத்தமாட்டார்கள். கியோத்தோவில் 'தேநீர்ச்சோறு சாப்பிடுகிறீர்களா' என்று கேட்டால் கிளம்பச் சொல்கிறார்கள் என்று பொருள் என்பது ஜப்பானியரே சொல்லிச் சிரிக்கும் கதை. அது மிகைதான். ஆனாலும் இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிடுவது நல்லது.

ஊர் சுற்ற ரயில் பாஸ் வாங்கச் சொல்வார்கள். ஏழு நாள் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. டோக்கியோ–கியோத்தோ ஒருவழிக் கட்டணம் சுமார் 14,000 யென். போய்வர மட்டும் என்றால் பாஸ் நஷ்டம். அதோடு, அங்கே வேலை விசாவில் வாழும் மகனுக்கு அந்தப் பாஸ் செல்லாது. கியோத்தோ போகும்போது வலது பக்கச் சன்னலோரம் கேளுங்கள், மேகம் இல்லாவிட்டால் ஃபூஜி மலை தெரியும். பெரிய பெட்டியை முந்தின நாளே தக்யூபின் கூரியரில் அனுப்பிவிடலாம். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம்வரை டோக்கியோவில் சகுராப் பூ. ஜூனில் மழை, ஆகஸ்டில் சென்னையின் புழுக்கம். மூட்டுவலிக்காரர்கள் ஜனவரியைத் தவிர்க்கலாம்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டிய காகித வேலை. பெற்றோருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 90 நாள் விசா. அழைப்புக் காரணக் கடிதம், உத்தரவாதக் கடிதம், தங்கும் நாட்களின் அட்டவணை, ஜூமின்ஹ்யோ என்ற குடியிருப்புச் சான்று ஆகியவற்றை மகன் அனுப்ப வேண்டும். ஒருமுறை நுழையும் விசா, கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். மிகவும் முன்கூட்டி வாங்கிவிடாதீர்கள். கறிவேப்பிலை, மாம்பழம், அரிசி ஆகியவை தாவர நலச் சான்று இல்லாமல் விமான நிலையத்தைத் தாண்டாது. ஆட்டிறைச்சித் தொக்கும் தாண்டாது. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை ஒரு மாதத்துக்குத்தான் சாதாரணமாகக் கொண்டுபோகலாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் மூன்று மாதத்துக்கு வேண்டும் என்றால் ஜப்பானிய சுகாதார அமைச்சகத்திடம் முன்பே இறக்குமதி அனுமதிச் சான்று வாங்க வேண்டும். மகனின் மருத்துவக் காப்பீடு உங்களுக்குப் பொருந்தாது. பயணக் காப்பீடு எடுக்காமல் ஏறாதீர்கள்.

உறவை நிரூபிக்கும் இடத்தில்தான் தமிழர்கள் அதிகம் திணறுகிறோம். மகனின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி இருக்கும்; அப்பாவின் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து தாத்தா பெயர் குடும்பப் பெயராக நிற்கும்; அம்மா பெயரில் ஓர் எழுத்து கூடியிருக்கும். இது நம் வழக்கம் என்று விசா அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. திருத்தம் செய்ய மாதக்கணக்கில் ஆகலாம். டிக்கெட் விலை பார்க்கும் முன், மகனுடைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதில் இருக்கும் உங்கள் இருவர் பெயரையும் உங்கள் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.